ஜாதிக்கா சதைய தூக்கிப் போடாதீங்க: பினாங்குல நான் ஊறுகாய் போடுற முறை

நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு ஜாதிக்கான்னா பிரியாணியில துருவிப் போடுற அந்த கொட்ட மட்டும்தான் தெரியும், இல்லன்னா கைக்கொழந்தைக்கு உரைமருந்து உரசுவாங்களே அதுல ஒண்ணு, அவ்வளவுதான். அந்தக் கொட்டைக்கு மேல ஆப்ரிகாட் பழம் மாதிரி ஒரு கனமான சதை இருக்கு, ஒரு காயோட எடையில பெரும்பங்கு அந்த சதைதான், அத அப்படியே குப்பையில போடுறத பாத்தா எனக்கு வயிறு எரியுது. பினாங்குல பொறந்து வளர்ந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும், சோவ்ராஸ்தா பாசார்ல ஜெருக் (ஊறவெச்ச காய், பழம்) கடையில கண்ணாடி ஜாடி வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க, மாங்கா, நெல்லிக்கா, கெடொண்டொங் அதோட இந்த ஜாதிக்காயும் கண்டிப்பா இருக்கும். அது சீனில ஊறினது. நான் இங்க எழுதப் போறது முக்கியமா நம்ம வீட்டு முறை, உப்புல கறை எறக்கி, காயவெச்சு, நல்லெண்ணெயும் மொளகாயும் போட்டு செய்றது. சீனி ஜெருக் பத்தியும் கடைசியில கொஞ்சம் சொல்றேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இந்த ஊறுகாயில மசாலா ரெண்டாம்பட்சம். இது நல்லா வருமா வராதாங்கறது நீங்க எந்த காய எடுக்குறீங்க, அதோட துவர்ப்ப உப்புல எவ்வளவு பொறுமையா எறக்குறீங்க, இந்த ரெண்டுலயே முடிவாயிடும். எனக்கு இத கத்துக் குடுத்தது பாலிக் புலாவ்ல இருந்த எங்க பெரியம்மா. அவங்க வாய்ல அடிக்கடி வர்ற வார்த்த, "தம்பி, கறை எறங்காத காய்க்கு நீ எவ்வளவு மொளகா கொட்டினாலும் நாக்க இழுக்கத்தான் செய்யும்". அத நான் சரியா காதுல வாங்காம மொத தடவ தனியா போட்டப்ப தோல் சீவல, ஒரு நாள் உப்போட நிறுத்திட்டேன், ஒரு மாசம் கழிச்சு தொறந்தா வாசன அருமையா இருக்கு ஆனா வாயில வெச்சா பச்ச வாழப்பூ மென்ன மாதிரி நாக்கு ஒட்டிக்கிச்சு. ரெண்டு கிலோ காய், பூரா வீண்.

காய் எங்க கெடைக்கும்னா, பினாங்கு தீவோட மேற்குப் பக்கம் பூரா, பாலிக் புலாவ்ல இருந்து தெலுக் பஹாங் போற மல ரோட்ல தோட்டத்துக்கு தோட்டம் டுரியான், கிராம்பு, ஜாதிக்கா கலந்துதான் நிக்கும். மரம் இந்த ஊர் மரம் இல்ல, இந்தோனேசியாவுல மலுக்கு பக்கம் பண்டா தீவுங்கதான் அதுக்கு தாய் ஊரு. 1796ல இங்கிலீஷ்காரன் டச்சுக்காரன்கிட்ட இருந்து அந்தத் தீவுகள புடிச்சதுக்கு அப்பறம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி கன்னு கன்னா இங்க கொண்டாந்து நட்டுச்சு, நல்லாவும் வந்துச்சு, அப்பறம் 1860கள்ல ஒரு நோய் விழுந்து பெரிய தோட்டங்க எல்லாம் படுத்துடுச்சு. மிச்சம் தப்பிச்சது கம்பத்து (கிராமத்து) வீடுகள்ல, சின்ன தோட்டங்கள்ல. நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பேரு வேற ஒரு விதத்துலயும் மனசுல ஒட்டியிருக்கு, குளுகோர்ல இருந்துச்சே கம்போங் புவா பாலா, மாடு ஆடு வெச்சுகிட்டு தமிழ் குடும்பங்க தலைமுறையா இருந்த கம்பம், 2009ல இடிச்சாங்க, அந்த புவா பாலாங்கறது இதே ஜாதிக்காதான். இப்ப அந்தப் பக்கம் போனா அடுக்குமாடிதான் நிக்குது. காய் சீவ ஒக்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரு ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வந்துடும்.

கேட்டு எடுங்க, இது ரொம்ப முக்கியம். ரோட்டோரமா மரம் நிக்குதுன்னு அது யாருக்கும் சொந்தம் இல்லாத மரம்னு அர்த்தமில்ல, அங்க எல்லா மரத்துக்கும் ஒரு ஆள் இருக்காரு. கொட்டையும் அத சுத்தியிருக்கற செவப்பு பத்திரியும்தான் அவங்களுக்கு காசு, சதைய நெறைய பேர் கழிச்சுக் கட்டத்தான் பாப்பாங்க, அதனால தோட்டத்து மலாய் அம்மாகிட்ட "மக்சிக், கொட்டைய நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு தோல் சதை மட்டும் போதும்"னு சொன்னா பெரும்பாலும் சிரிச்சுகிட்டே ஒரு பை குடுத்துடுவாங்க. நான் போற வீட்ல அந்த மக்சிக் கூடவே ஒக்காந்து பொளந்தும் குடுப்பாங்க, நான் வரும்போது போன தடவ போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு போவேன். தோட்டம் பக்கம் ஆள் தெரியாதவங்க பாலிக் புலாவ் காலை பாசார்ல கேட்டுப் பாருங்க, சில சமயம் ஆயர் ஈத்தாம் பாசார்லயும் வரும். கோலாலம்பூர்ல இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டந்தான், யாராச்சும் பினாங்குல இருந்து பஸ் ஏறும்போது சொல்லி வெச்சா கொண்டாருவாங்க, மூணு நாளைக்கு மேல பையில கெடக்க விடாதீங்க.

எந்த காய் எடுக்கறது? மரத்துல காய் பச்சையா இருக்கும், முத்த முத்த வெளிர் மஞ்சளுக்கு வரும், நல்லா முத்தினதும் தானா நடுக்கோட்ல ரெண்டா வெடிக்கும். ஊறுகாய்க்கு சரியான காய் வெடிக்கறதுக்கு கொஞ்சம் முந்தின காய், மஞ்சள் ஏறியிருக்கும் ஆனா கோடு இன்னும் தொறக்கல, கையில அழுத்தினா கல்லு மாதிரி நிக்கும். ரொம்ப பச்சையான பிஞ்சுல துவர்ப்பும் பாலும் அதிகம், எறக்கறதுக்கே ரெண்டு நாள் கூட ஆகும். வெடிச்ச காய் பரவால்ல, ஆனா அன்னிக்கு காலைல வெடிச்சதா இருக்கணும். கீழ விழுந்தது எடுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. விழுந்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கு, அடி படல, ஓட்ட இல்ல, ஈரத்துல கெடக்கலன்னா எடுக்கலாம். மழ பேஞ்ச மண்ணுல ராத்திரி பூரா கெடந்த காய தயவு செஞ்சு தொடாதீங்க, ஜாதிக்காயிலயும் பத்திரியிலயும் ஈரம் பட்டா ஒரு வகை பூஞ்ச சுலபமா புடிக்கும், அது விடுற அஃப்ளாடாக்சின் ஈரலுக்கு நல்லதில்ல, கழுவினாலோ வேகவெச்சாலோ அது போகவும் போகாது. உள்ள சதையில சாம்பல் புள்ளியோ பழுப்பு கோடோ தெரிஞ்சா அந்தப் பக்கத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்த வெச்சுக்கலாம்னு கணக்கு போடாதீங்க, முழு காயையும் தள்ளிடுங்க.

ஒரு கிலோ சுத்தம் பண்ணின சதைக்கு ஏறத்தாழ 25 காய் வேணும், ஆனா காய் பெருசு சின்னது இருக்கும், அதனால எண்ணிக்கைய விட எடைய நம்புங்க, வெட்டினதுக்கு அப்பறம் தராசுல வெச்சு அதுக்கு தக்க உப்பு போடுங்க. நான் கீழ சொல்ற அளவு எல்லாம் ஒரு கிலோ வெட்டின சதைக்கு.

வெட்ட ஒக்காரும்போது இரும்பு கத்தி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கத்தி எடுங்க. இந்தக் காய்ல டானின்ங்கற துவர்ப்பு பொருள் நெறைய, இரும்பு பட்டா நிமிஷத்துல கறுத்துடும், கத்தியும் கறுக்கும் காயும் கறுக்கும். இரும்பு சட்டி, அலுமினிய பாத்திரமும் அதே மாதிரி ஆகாது, கண்ணாடி, பீங்கான், நல்ல பிளாஸ்டிக் டப்பா எதுன்னாலும் சரி. பக்கத்துல ஒரு பேசின்ல ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி உப்பு கரைச்சு வெச்சுக்குங்க, வெட்ட வெட்ட அதுல போட்டுகிட்டே வரணும், இல்லன்னா ஆப்பிள் மாதிரி பழுப்பாயிடும். கைக்கு கிளவுஸ் போட்டுக்குங்க, போடலன்னா ரெண்டு மூணு நாளைக்கு வெரல் நுனி, நகக்கண் எல்லாம் தேயில கறை மாதிரி நிக்கும், சோப்பு போட்டாலும் போகாது.

தோல பீலர்ல மெல்லிசா சீவுங்க, துவர்ப்புல பாதி அந்தத் தோல்லயே இருக்கு. அப்பறம் காய்ல ஒரு பக்கம் காம்புல இருந்து அடி வரைக்கும் ஒரு கோடு ஓடும், பள்ளம் மாதிரி, அதுல கத்தி நுனிய வெச்சு சுத்தி அறுத்து ரெண்டு கையாலயும் முறுக்கினா பொட்டுன்னு பொளக்கும். அந்த நேரத்த நான் எத்தன தடவ பாத்தாலும் சலிக்காது. வெள்ள சதைக்கு நடுவுல கறுப்பு பழுப்பா பளபளன்னு ஒரு ஓடு, அத சுத்தி ரத்த செவப்புல வலை மாதிரி ஜாதிபத்திரி, ஈரமா, மெழுகு பூசின மாதிரி மின்னிகிட்டு இருக்கும், அந்த நிமிஷம் எழும்புற வாசன, மொளகும் எலுமிச்ச தோலும் புதுசா அறுத்த மரமும் சேர்ந்த மாதிரி, சமையலறை பூரா நிக்கும். நம்ம பழைய ஆளுங்க தாம்பூலத்துக்கு ஐந்து வாசனைன்னு தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதிக்கான்னு வரிசையா எழுதி வெச்சதுல இது ஏன் இருந்துச்சுன்னு அந்த ஒரு மோப்பத்துலயே புரிஞ்சிடும்.

கொட்டைய பத்திரியோட எடுத்து தனியா வைங்க, அத பத்தி பின்னாடி சொல்றேன். சதையோட உள்பக்கம் கொட்ட ஒட்டியிருந்த எடத்துல ஒரு மெல்லிசான சவ்வு இருக்கும், கரண்டியால சுரண்டி எடுத்துடுங்க, அது பின்னால கசக்கும். அப்பறம் சதைய நீளவாக்குல அரை விரல் கனத்துக்கு நறுக்குங்க, ரொம்ப பொடிசா நறுக்கினா காயும்போது நாரா போயிடும்.

இப்ப உப்பு. ஒரு கிலோ சதைக்கு 100 கிராம் கல் உப்பு. அயோடின் போட்ட பொடி உப்பு வேணாம், லிட்டில் இந்தியா மளிகைக் கடையில கல் உப்பு கிலோ கணக்குல கெடைக்கும். உப்புத் தண்ணில இருந்து சதைய எடுத்து வடிச்சு, உப்ப தூவி, ஒரு அஞ்சு நிமிஷம் கையால அழுத்தி பெசறுங்க, தேய்க்கறது மாதிரி இல்ல, மாவு பெசையற மாதிரி மெதுவா. மேல ஒரு தட்டு வெச்சு அதுக்கு மேல தண்ணி நெறச்ச பாட்டில் ஒண்ண வெயிட்டா வைங்க. ஒரு மணி நேரத்துல தண்ணி விட ஆரம்பிச்சிடும், மறுநாள் காலைல பாத்தா காப்பி கலர்ல தண்ணி கட்டியிருக்கும். அந்தத் தண்ணிதான் உங்க நாக்க இழுக்க இருந்த துவர்ப்பு, முழுசா கொட்டிடுங்க. அத வீணாக்கக் கூடாதுன்னு மசாலாவுல சேக்கற பழக்கம் சிலருக்கு இருக்கு, மாங்காய்க்கு அது சரி, இதுக்கு ஆகாது.

சதைய கையால புழிஞ்சு, ரெண்டாவது தடவ 50 கிராம் உப்பு போட்டு இன்னொரு நாள் வெயிட் வைங்க. ரெண்டாவது நாள் தண்ணி கலர் கொறஞ்சு தேத்தண்ணி மாதிரி வரும். இப்ப ஒரு துண்ட ஆறின தண்ணில அலசி மென்னு பாருங்க. புளிப்பும் உப்பும் வாசனையும் இருக்கணும், நாக்கோட ரெண்டு ஓரமும் சுருங்கற மாதிரி இருந்தா இன்னும் ஆகல, மறுபடி 50 கிராம் உப்பு, மறுபடி ஒரு நாள். பச்ச காயா இருந்தா மூணு நாள், சில சமயம் நாலு நாள் ஆகும். இந்த எடத்துல கேலண்டர பாக்காம நாக்க கேளுங்க. நம்ம ஊர் சூட்டுல வெளிய வெச்சா ரெண்டு நாளைக்கு மேல மேலாப்புல நொர கட்ட ஆரம்பிக்கும், அதனால மூணாவது நாள்ல இருந்து டப்பாவ ஐஸ் பெட்டியில (பிரிட்ஜ்ல) வெச்சிடுங்க, மெதுவா எறங்கினாலும் பத்திரமா எறங்கும்.

மேல வெள்ளையா மெல்லிசா ஏடு மாதிரி படிஞ்சா பயப்பட வேணாம், அது ஈஸ்ட்டு, எடுத்துட்டு காய உப்புத் தண்ணிக்கு கீழ அமுக்கி வெச்சா போதும். பச்சையா, கறுப்பா, இல்ல பஞ்சு மாதிரி புசுபுசுன்னு எது வந்தாலும் அந்த டப்பாவ மொத்தமா கொட்டிடுங்க, மேல மட்டும் எடுத்துட்டு கீழ இருக்கறத காப்பாத்த நெனைக்காதீங்க.

அப்பறம் காய வைக்கறது. கொதிக்கவெச்சு ஆறின தண்ணில ஒரே ஒரு அலசு, நல்லா புழிஞ்சு, மூங்கில் முறத்துல வெள்ளத் துணி போட்டு ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்புங்க. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பினாங்குல வெயில் நம்பலாம், ரெண்டு நாள் போதும். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மத்தியானம் ரெண்டு மணி ஆனா மலைப் பக்கமிருந்து கறுத்துகிட்டு வந்துடும், அந்த மாசங்கள்ல நான் வெளிய வெக்கறதே இல்ல, ஓவன்ல 60 டிகிரில கதவ லேசா தொறந்து வெச்சு நாலஞ்சு மணி நேரம், இல்லன்னா மின்விசிறிக்கு நேரா ஒரு ராத்திரி பூரா. எப்ப நிறுத்தறதுன்னா, துண்டோட ஓரம் லேசா சுருண்டு நிக்கணும், தொட்டா ஈரம் ஒட்டக் கூடாது, ஆனா வளைச்சா உடையாம வளையணும். அப்பளம் மாதிரி காஞ்சு போச்சுன்னா பின்னால எண்ணெய்ல எவ்வளவு ஊறினாலும் ரப்பராத்தான் இருக்கும். ஒரு கிலோ சதை காஞ்சதும் அரை கிலோவுக்கு கொஞ்சம் மேல நிக்கும்.

காயறதுக்கு முந்தின ராத்திரியே ஒரு வேல பண்ணிடணும். 100 கிராம் பூண்டு உரிச்சு, 30 கிராம் இஞ்சி மெல்லிசா நறுக்கி, 200 மில்லி வினிகர்ல ஊறப் போடுங்க. வினிகர் பாட்டில் லேபிள்ல 5 சதவீதம் அசிடிட்டின்னு போட்டிருக்கான்னு பாருங்க. இது ருசிக்காக மட்டும் இல்ல. பச்ச பூண்ட அப்படியே எண்ணெய்க்கு அடியில வெச்சா காத்து போகாத எடத்துல வளர்ற பொட்டுலிசம் கிருமிக்கு அது தோதான எடம், புளிப்பு ஏறின பூண்டுல அது வளராது. எங்க பெரியம்மாவுக்கு இந்த காரணமெல்லாம் தெரியாது, ஆனா பூண்ட ராத்திரி பூரா காடியில போடாம அவங்க ஒரு தடவ கூட போட்டதில்ல.

மசாலாவுக்கு தேவையானது: நல்லெண்ணெய் 250 மில்லி, கடுகு ஒரு மேசைக்கரண்டி தாளிக்க, இன்னொரு மேசைக்கரண்டி வறுக்காம பொடிச்சது, வெந்தயம் ஒரு தேக்கரண்டி செவக்க வறுத்து பொடிச்சது, மஞ்சத்தூள் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் அரை தேக்கரண்டி, மொளகாத்தூள் 50 கிராம், அதுல பாதி காஷ்மீரி போட்டா கலர் நல்லா நிக்கும், 15 சிலி பாடி (ஊசி மொளகா) காம்பு கிள்ளி லேசா கீறினது, கறிவேப்பில ரெண்டு கொத்து கழுவி துளி ஈரம் இல்லாம தொடச்சது, கூலா மெலாக்கா (தென்னங்கருப்பட்டி) 60 கிராம் சீவினது. கூலா மெலாக்கா போடறது பெரியம்மா வழக்கம், இந்தியாவுல எப்படி செய்வாங்களோ அது வேற, கேரளா பக்கம் ஜாதிக்கா ஊறுகாய் போடுறவங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்க பெரும்பாலும் இனிப்பு சேக்க மாட்டாங்க. எனக்கு இந்த கருப்பு இனிப்பு இல்லாம ஜாதிக்கா ஊறுகாய் முழுசா இருக்கற மாதிரி தோணறதில்ல, அதோட பொகை வாசன இந்தக் காயோட சேரும்போது ஒரு ஆழம் வருது.

எண்ணெய நல்லா காயவெச்சு அடுப்ப கொறச்சு கடுகு போட்டு வெடிக்க விடுங்க, கறிவேப்பில, சிலி பாடி, அப்பறம் வினிகர வடிச்சுட்டு அந்தப் பூண்டு இஞ்சி. வினிகர கொட்டிடாதீங்க, அது வேணும். பூண்டோட ஓரம் செவக்கற வரைக்கும் வதக்கிட்டு அடுப்ப அணைச்சுடுங்க. ரெண்டு நிமிஷம் ஆறினதும்தான் மொளகாத்தூள், மஞ்சத்தூள், பெருங்காயம், கொதிக்கற எண்ணெய்ல போட்டா கருகி கசக்கும், அந்த கசப்பு ஜாதிக்காயோட கசப்புன்னு பழி விழும். இன்னொரு சட்டில அந்த வினிகரையும் கூலா மெலாக்காவையும் ஒரு கொதி வரவெச்சு, அத எண்ணெய் கலவையில ஊத்துங்க, பாத்து ஊத்துங்க, தெறிக்கும். காஞ்ச சதைய இப்ப போட்டு மறுபடி அடுப்ப பத்தவெச்சு சின்ன தீயில மூணு நிமிஷம், சூடு உள்ள எறங்கற அளவுக்கு மட்டும் பெரட்டுங்க. எறக்கினதும் வெந்தயப் பொடி, கடுகுப் பொடி. கடைசியா உப்பு ருசி பாருங்க, கொழம்புக்கு போடுறத விட தூக்கலா இருக்கணும், கொறஞ்சா ஒரு மேசைக்கரண்டி சேருங்க.

பாட்டில முன்னாலயே கழுவி பத்து நிமிஷம் தண்ணில கொதிக்கவெச்சு சொட்டு ஈரம் இல்லாம காயவெச்சிருக்கணும். ஊறுகாய் சூடா இருக்கும்போதே நெறச்சு, கரண்டியால அமுக்கி காத்து குமிழ எல்லாம் வெளிய ஏத்தி, மேல அரை அங்குலத்துக்கு எண்ணெய் நிக்கற மாதிரி விடுங்க. எண்ணெய் பத்தலன்னா இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய காயவெச்சு ஆறவெச்சு ஊத்துங்க, பச்சையா ஊத்தாதீங்க. பிஹெச் பேப்பர் (புளிப்பு அளக்கற காகிதம்) ஆன்லைன்ல சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கெடைக்குது, ஒரு துண்ட நசுக்கி அந்தச் சாற எண்ணெய் படாம தொட்டுப் பாருங்க, 4 கிட்ட இல்ல அதுக்கு கீழ இருந்தா நிம்மதி, 4.6க்கு மேல காட்டினா வினிகர் பத்தலன்னு அர்த்தம், இன்னும் 50 மில்லி கொதிக்கவெச்சு சேருங்க.

மூணு நாள் வெயில் படாத எடத்துல வெளிய வெச்சு தினமும் சுத்தமான கரண்டியால ஒரு கிண்டு, அப்பறம் ஐஸ் பெட்டிக்கு. பழைய காலத்துல ஜாடி பரண்ல ஒரு வருஷம் கெடந்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, அவங்க போட்ட உப்பு நாம போடுறத விட ரொம்ப அதிகம். அவ்வளவு உப்ப இப்ப யாரு சாப்புடறா, பாதி வீட்ல பிரஷர் மாத்திர ஓடுது. உப்ப கொறச்சா ஐஸ் பெட்டிதான். பத்தாவது நாள் சாப்புடலாம், மூணு வாரம் காத்திருந்தா அந்த வினிகரோட கூர்மை அடங்கி காயோட வாசன முன்னால வரும். ஐஸ் பெட்டியில நல்லெண்ணெய் கொஞ்சம் கெட்டிப்படும், வெளிய எடுத்து பத்து நிமிஷம் வெச்சா சரியாயிடும். ஈரக் கரண்டி மட்டும் போடவே போடாதீங்க.

கொட்டைய பத்தி சொல்றேன்னேன். பத்திரிய உரிச்சு கையால தட்டையா அமுக்கி ரெண்டு மூணு நாள் வெயில்ல காயவெச்சா அந்த செவப்பு மெல்ல மெல்ல ஆரஞ்சுக்கு மாறும், பிரியாணிக்கு எடுத்து வைங்க. கொட்டைய ஓட்டோட நெழல்ல காத்தோட்டமா ஒரு மாசத்துக்கு மேல காயப் போடணும், ஆட்டினா உள்ள பருப்பு கடகடன்னு சத்தம் கேக்கணும், அப்பதான் ஓட்ட ஒடைக்கறது. வாசனையா இருக்கும்னு இந்தக் கொட்டைய துருவி ஊறுகாயில போடாதீங்க. சமையல்ல ஒரு சிட்டிகை ஒண்ணும் பண்ணாது, ஆனா கொட்டையோட தூள் ஒரு தேக்கரண்டி ரெண்டு தேக்கரண்டின்னு போனா வாந்தி, நெஞ்சு படபடப்பு, இல்லாதத பாக்கறது வரைக்கும் கொண்டு போகும், மிரிஸ்டிசின்னு ஒரு பொருள் அதுல இருக்கு. சின்னப் புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, வீட்ல நாய் இருந்தா அதுக்கும் இது ஆகாது. சதை ஊறுகாய் ரெண்டு மூணு துண்டு தொட்டுக்கறதுல இந்த பயம் இல்ல, ஆனாலும் வயித்துல புள்ள இருக்கறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சாப்புடுங்க.

சீனி ஜெருக் வேணும்ங்கறவங்களுக்கு: தோல் சீவி, ரெண்டா பொளந்த சதைய நறுக்காம, அடி ஒட்டியிருக்கற மாதிரி விசிறி போல கீறிக்குங்க, அழுத்தினா பூ மாதிரி விரியும். மேல சொன்ன அதே உப்பு வேலைய ரெண்டு நாள் செய்ங்க. அப்பறம் வெத்தலைக்கு போடுற சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டிய ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு தெளிய விட்டு, மேல நிக்கற தெளிஞ்ச தண்ணில மட்டும் ரெண்டு மணி நேரம் ஊறவைங்க, கடிச்சா நறுக்குன்னு நிக்கறது அதனாலதான். நாலு தண்ணி அலசணும், சுண்ணாம்பு மிச்சம் இருந்தா புளிப்ப கொன்னுடும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 600 கிராம் சீனி, 150 மில்லி வினிகர், நாலஞ்சு ஆசாம் பொய் (உப்புல ஊறி காஞ்ச பிளம் பழம்), கொதிக்கவெச்சு ஆறவெச்சு ஊத்துங்க. மறுநாள் பாக வடிச்சு 100 கிராம் சீனி சேத்து கொதிக்கவெச்சு ஆறவெச்சு மறுபடி, அதுக்கு மறுநாளும் அதே மாதிரி. மொத நாளே எல்லா சீனியையும் போட்டா காய் சுருங்கி தோலாயிடும். ஐஸ் பெட்டியில ஒரு வாரம் கழிச்சு எடுங்க. மிச்சம் ஆகிற பாகுல ஐஸும் தண்ணியும் ஊத்தினா லாவ் ஹாவ் (ஜாதிக்கா ஜூஸ்) ஆச்சு, சாப்பாட்டுக் கடையில அத ஆசாம் பொய் ஒண்ணு போட்டு தர்றாங்களே, அதே ருசிக்கு பக்கத்துல வரும்.

நம்ம கார ஊறுகாய் தயிர்சாதத்துக்கு நல்லா இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கஞ்சிக்கு இன்னும் நல்லா இருக்கும், காலைல சூடா வெறும் கஞ்சி, ஒரு ஓரத்துல ரெண்டு துண்டு, அந்த சூட்டுல வாசன எழும்பும் பாருங்க. தைப்பூசத்தப்போ தண்ணிமலை ஏறி எறங்கி களச்சுப் போய் வந்த சொந்தக்காரங்களுக்கு எங்க வீட்ல மோர் சாதமும் இதுவும்தான் வைப்போம், தட்ட வழிச்சுட்டு எந்திரிப்பாங்க. பாட்டில் அடியில காய் தீந்து போய் மசாலாவும் எண்ணெயும் மட்டும் நிக்கும்போது அத கழுவி ஊத்திடாதீங்க, ரெண்டு கெம்போங் மீன (கானாங்கெளுத்தி) சுத்தம் பண்ணி கீறி, அந்த மசாலாவ கீறல்ல திணிச்சு அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில வெச்சு, சின்ன தீயில பொரிச்சுப் பாருங்க. தீ மட்டும் கொறச்சலா இருக்கட்டும், கூலா மெலாக்கா இருக்கறதால சட்டுன்னு கருகிடும்.